மல்லிமதி பூசிய ஊர்

செவ்வல்குளத்தில் மனுஷருடைய வாசனை காணாமல் போன அந்தப் பங்குனியில், அதை முதலில் கண்டுபிடித்தது நாய்கள்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது தப்பு. நாய்களுக்கு ஒரு நாள் முன்பே, ஒரு வியாழக்கிழமை காலையில், கிழக்குத் தெரு சண்முகக்கனியின் மடியில் கிடந்த ஐந்து மாதக் குழந்தை அதைக் கண்டுபிடித்துவிட்டது. சொல்வதற்குத்தான் அதற்குப் பேச்சு வரவில்லை.

வழக்கம்போலக் குளித்து, தலை துவட்டி, பிள்ளையை மடியில் போட்டு மாராப்பை விலக்கினாள் கனி. நித்திலாவும் வழக்கம்போல மூக்கை வைத்து அங்குமிங்கும் தேடினாள், தேடினாள், தேடிய இடத்தில் ஏதோ ஒன்று இல்லை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள், பிறகு உடம்பை விறைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆள் தூக்கினால் வீறிடுவாளே, அந்த மாதிரி வீறிட்டாள். எறும்பு கடித்ததோ என்று துணியை உதறிப் பார்த்தாள் கனி, வயிற்று வலியோ என்று வசம்பு உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவிப் பார்த்தாள், மறுபடி மடியில் போட்டாள், மறுபடி வீறிட்டது. புருஷன் வேல்ச்சாமி வந்து வாங்கினான், அவனிடமும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் மதினி வந்து வாங்கினாள், அவளிடமும் நிற்கவில்லை. மூன்று பேர் மேலும் அடித்தது ஒரே மணம், மல்லிகைப் பூவின் மணம், பூவைக் காட்டிலும் பலமான மணம். கனி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், ஏனென்றால் அந்த மணத்துக்கு நல்ல சான்று கொடுத்தது அவளுடைய கைதான்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வடக்கே, பஸ் திரும்புகிற இடத்தில், ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீஸாக இருந்த தகரக் கொட்டகையில் இப்போது 'மல்லிமதி' முகக்கிரீம் தயாராகிறது. தண்ணீர், மெழுகு, எண்ணெய் எல்லாவற்றையும் அண்டாவில் சூடாக்கி, கடைந்து, சூடு ஆறி வருகிற சமயத்தில் நீலக் கேனிலிருந்து வாசனையை ஊற்றி, டப்பாவில் அடைப்பார்கள். டப்பாவின் முதுகில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். தண்ணீருக்கும் பேர் உண்டு, மெழுகுக்கும் பேர் உண்டு, கடைசியில் 'நறுமணம்' என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று கலவை அறைப் பெண்களுக்குத் தெரியாது, முதலாளி ராஜமன்னாருக்கும் தெரியாது. நீலக் கேன் மேல் ஒரு நம்பர் மட்டும் ஒட்டியிருக்கும். பட்டணத்திலிருந்து கேன் கொண்டுவந்து இறக்குகிறவன், இது மல்லிகையே சேராத மல்லிகை, மழைக்கும் வெயிலுக்கும் வாடாது என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவான்.

புதுக் கேன் வந்தால் 'கை வைப்பது' என்று அங்கே ஒரு வழக்கம். செய்த கிரீமில் ஒரு விரல் எடுத்து, ஒருத்தியின் முழங்கை உட்புறத்தில் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். இரண்டு நாள் நனைக்கக் கூடாது. மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்த்து, சிவக்கவில்லை, தடிக்கவில்லை என்றால் சரக்கு வெளியே போகலாம். ஆரம்பத்தில் கலவை அறைக்குப் பெரியவளான எஸ்தர் அக்காதான் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை எதற்கெடுத்தாலும் சிவந்தது, சிவந்தால் சரக்கு நின்றது, சரக்கு நின்றால் முதலாளி முகம் கடுகடுவென்று ஆனது. பிறகு வேறு இரண்டு பேர் கையைப் பார்த்தார்கள், அதுவும் அப்படித்தான். கடைசியில் கனியின் கை கிடைத்தது. எதைப் பூசினாலும் அந்தக் கை ஒன்றும் சொல்லாது. அன்றிலிருந்து ஏழு வருஷமாகக் கனியின் கை மட்டும்தான். "கனி கையில போட்டாச்சா?" என்று முதலாளி கேட்பார், "போட்டாச்சு" என்றால் லாரி கிளம்பிவிடும். ஒரு நாளும் சிவக்காத கையைத் தேடிப் பிடித்துச் சோதனைக்கு வைத்துக்கொண்டால் சோதனை ஒரு நாளும் தோற்காது என்று அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. கனிக்கும் உறைக்கவில்லை. அவளுக்கு அதில் பெருமைகூட உண்டு, ஆயுத பூஜை அன்று முதல் தட்டு அவளுக்குத்தான் வரும், அதை வாங்கும்போது கூச்சத்தோடு சிரிப்பாள்.

பிள்ளை பெற்று அவள் திரும்பி வேலைக்கு வந்த வாரத்தில்தான் புதுக் கேன் வந்து இறங்கியது. ஒரு தடவை பூசினால் மூன்று நாள் நிற்கும், குளித்தாலும் போகாது என்றார்கள். கனி கை கொடுத்தாள், இரண்டு நாள் கட்டியிருந்தாள், மூன்றாம் நாள் முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், கை வெளேரென்று சுத்தமாக இருந்தது. சிவந்திருக்கிறதா என்றுதான் எல்லாரும் குனிந்து பார்த்தார்களே தவிர, அந்த இடத்தை முகர்ந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முகர்ந்திருந்தால், அந்த விரலகலத் தோலில் சண்முகக்கனி என்கிற மனுஷியே இல்லை என்பது தெரிந்திருக்கும். பங்குனிப் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு டப்பா இனாம் என்று முதலாளி கொடுத்தார், இனாம் என்றால் நம் ஊரில் யார் வேண்டாம் என்பார்கள், செவ்வாய்க்கிழமை சாமி புறப்படுவதற்குள் ஊரே பூசிக்கொண்டு நின்றது.

வியாழக்கிழமை பிள்ளை வீறிட்டது. வெள்ளிக்கிழமை நாய்கள். வேலைக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொருத்தரையும் அவரவர் வீட்டு நாயே வழிமறித்துக் குரைத்தது. சனிக்கிழமை ராக்கம்மாள் மதினியின் பசு, ஆறு வருஷமாக அவள் கைக்கு மடி கொடுத்த பசு, அவளை உதைத்துத் தள்ளிவிட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. துணி தேய்க்கிறவர் எந்த மூட்டை எந்த வீட்டுடையது என்று தெரியாமல் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு விழித்தார், முப்பது வருஷமாக மூக்கை வைத்துத்தான் அவர் வீடு பிரித்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. தோலுக்கு மேலே மணம் ஒட்டவில்லை, தோலின் சொந்த வாசனை இருந்த இடத்தில் மணம் குடியேறிவிட்டது. தேய்த்தால் போகவில்லை, வியர்த்தால் போகவில்லை, பூசுவதை நிறுத்தினாலும் போகவில்லை. ஊருக்குள் நானூறு வீடு, நானூறு வீட்டிலும் ஒரே ஆள் குடியிருக்கிற மாதிரி இருந்தது.

பயந்தார்கள் என்றுதான் நினைப்பீர்கள். இரண்டு நாள் பயந்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சமர்த்து ஜாஸ்தி. வீட்டுக்குள் நுழையும்போதே "நான்தான், ராக்கம்மா வந்திருக்கேன்" என்று பேரைச் சொல்லிக்கொண்டு நுழைவது மரியாதை ஆயிற்று. துவைக்காத பழந்துணிக்குத் திடீரென்று மவுசு வந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவர், அவள் கடைசியாகக் கட்டிய சேலையை அரிசி டிரம்மில் போட்டு மூடி, வேண்டியவர்கள் வந்தால் மட்டும் மூடியை லேசாகத் திறந்து, ஆள் வாசனை எப்படி இருக்கும் என்று காட்டினார், வந்தவர்கள் கண் கலங்கிப் போனார்கள். பஸ் கண்டக்டர்களுக்குப் பரம சந்தோஷம், செவ்வல்குளம் வண்டியில் மட்டும் கூட்டம் நெரிந்தாலும் பூக்கடைக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், பெண் மணக்கிறாள் என்று உடனே சம்மதித்தார்கள். ஊர்க்கூட்டம் கூடி, நாய்கள் பழகும்வரை கட்டிப்போடுவது என்று முடிவானது. இரண்டே வாரத்தில் நாய்களும் பழகிவிட்டன. அந்த மணம்தான் ஊர்க்காரன் என்று அவை படித்துக்கொண்டன, அதற்குப் பிறகு அந்த மணம் இல்லாதவர்களைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கின. விருந்தாளிகள் பாவம், ஊருக்குள் கடிபடாமல் வரவேண்டுமே என்று பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் ஒரு டப்பா மல்லிமதியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள்.

கழுத்திலும் காது மடலிலும் கை மடிப்பிலும் சிவந்து, தடித்து, நீர் கோத்து, தோல் உரிந்தவர்கள் ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அம்மன் விளையாடுகிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள், அரிப்பு தாங்காதவர்கள் மஞ்சள் அரைத்துப் பூசினார்கள், மஞ்சள் காய்ந்ததும் மணக்கட்டுமே என்று அதற்கு மேல் மல்லிமதி பூசினார்கள். சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள்.

கனி மட்டும் பழகவில்லை. அவளுக்குப் பழக நேரம் இல்லை. பிள்ளை குடிக்கவில்லை. பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊற்றிப் புகட்டினால் பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது, கிட்டே போகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து நித்திலா அலறினாள். துவைக்காத துணி ஒன்று கிடைக்காதா என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள் கனி. அவளோ அன்றாடம் துவைத்துக் காயப்போட்டு மடிக்கிற சுத்தக்காரி. கடைசியில் பிரசவத்துக்கு எடுத்துப் போன பையின் அடியில், ஆஸ்பத்திரியில் போட்டிருந்து அப்படியே சுருட்டி வைத்த நைட்டி ஒன்று கிடைத்தது. அதை மாரில் போட்டுக்கொண்டு பிள்ளையை அணைத்ததும் அழுகை நின்றது, மூக்கால் துணியைத் தேடிப் பிடித்து, வாய் திறந்து, விம்மி விம்மிக் குடித்தாள் நித்திலா. கனி அழுதுகொண்டே கொடுத்தாள். இரண்டு நாள் அந்த நைட்டி அவர்களைக் காப்பாற்றியது. மூன்றாம் நாள் அதுவும் மல்லிமதி ஆகிவிட்டது.

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எடை போட்டுப் பார்த்தார்கள், குறைந்திருந்தது. டாக்டரம்மா நூர்நிஷா பிள்ளையின் வயிற்றைக் கிள்ளிவிட்டுப் பார்த்தாள், மடிப்பு மெதுவாகத்தான் படிந்தது, உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. கனியின் கையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏழு வருஷமா நீங்கதான் கை குடுத்தீங்களா?"

"ஆமா டாக்டரம்மா. எனக்கு ஒண்ணுமே செய்யாது."

"ஒண்ணுமே செய்யாத கைய வச்சு என்னம்மா தெரியும்? சிவக்குற கைதான் உண்மையச் சொல்ற கை. அதத்தான் நீங்க எல்லாரும் வேணாம்னு வச்சிருக்கீங்க."

கனி கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வாசனைன்னு ஒரு வார்த்த போட்டிருக்காங்கல்ல, அதுக்குள்ள அம்பது சாமான் இருக்கும், நூறும் இருக்கும். எல்லாமே கெடுதல்னு சொல்ல வரல. எது இந்தத் தோலுக்கு ஆகலன்னு பேரு தெரிஞ்சாத்தான் அத விடுங்கன்னு நான் சொல்ல முடியும். பேரே தெரியாம எத விடச் சொல்ல? நீங்க போயி அந்தப் பட்டியல மட்டும் வாங்கிட்டு வாங்க. இன்னொண்ணு, பிள்ளத் தோலு ரொம்ப மெல்லிசு. அது கன்னம் படுற எடத்துல இத யாரும் பூசக் கூடாது. அது தோலுக்குள்ளயும் இது ஏறிடுச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

கனி அங்கிருந்து நேரே கொட்டகைக்குப் போனாள். முதலாளி ராஜமன்னார் கெட்டவர் இல்லை, பிள்ளையின் எடையைச் சொன்னதும் பதறிப்போய் அவள் எதிரிலேயே கேன் அனுப்புகிற பட்டணத்துக் கம்பெனிக்குப் போன் போட்டார். எதிர்முனை பேசுவது எல்லாருக்கும் கேட்டது. சேர்மானம் ரகசியம், யாருக்கும் தருவதற்கில்லை, ஆனால் பயப்படத் தேவையில்லை, அதுதான் உங்கள் ஊரிலேயே ஒரு அம்மா கையில் போட்டுப் பார்த்து ஒன்றும் செய்யவில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறீர்களே, அதை வைத்துத்தானே நாங்கள் பத்து ஊருக்கு இதே கேனை அனுப்பியிருக்கிறோம் என்றது அந்தக் குரல்.

முதலாளி போனை வைத்துவிட்டு, "உன் கைதானம்மா சாட்சி" என்றார், குற்றமாகச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார். கனிக்கு அந்த எண்ணிக்கைதான் காதில் நின்றது. பத்து ஊர். பத்து ஊரிலும் எத்தனை கைக்குழந்தைகள் மடியில் கிடந்து விறைக்கின்றனவோ என்று நினைத்தாள், அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

வெளியே வந்தவளை எஸ்தர் அக்கா கையைப் பிடித்து அண்டா கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரவிக்கைக் கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கை உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் காய்ந்த தடம் இருந்தது.

"உனக்குக் கட்டுன அன்னைக்கே நானும் யாருக்கும் தெரியாம ஒரு விரல் பூசிப் பாத்தேன் கனி. ராவுக்குள்ள வீங்கிப்போச்சு."

"சொல்லலையாக்கா?"

"மொதலாளிகிட்ட சொன்னேன். 'ஒன் கைக்கு எதுதான் ஒத்துக்கிட்டிருக்கு, கனி கை நல்லாருக்குல்ல, போயி வேலையப் பாரு'ன்னாரு. நானும் போயி வேலையப் பாத்தேன்." எஸ்தர் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கர்த்தர் என்னைய மன்னிக்க மாட்டாரு."

மன்னிப்பதற்கு முதலில் கனியிடம் கோபம் இருக்க வேண்டுமே, அவளிடம் அப்போது பயத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பட்டியல் கிடைக்கவில்லை என்று கேட்டதும் டாக்டரம்மா வேறொரு வழி சொன்னாள். தோல் என்பது மாதம் ஒரு முறை பழசை உதிர்த்துப் புதுசாகும், இந்த மணம் அடிக்கிற எதையும் தொடாமல், இந்த மணம் அடிக்கிற ஆட்களோடு இருக்காமல், ஒரு மாதம் தள்ளி இருந்தால் புதுத் தோலில் உங்கள் வாசனையே வரலாம், வரும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றாள். ஏற்கெனவே கனி கடலைமாவையும் கரம்பை மண்ணையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோளெல்லாம் ரத்தம் கன்றியிருந்தது. தேய்க்காதீங்க, காத்திருங்க என்றாள். பிள்ளையையும் கூடக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, உங்களைக் கண்டால்தானே அது அலறுகிறது, அலறி அலறி இன்னும் இளைத்துவிடும், பாலை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் கனி, வேல்ச்சாமியின் சித்தப்பா தோட்டத்து மோட்டார் ரூமில் போய் இருந்தாள். ஊரிலிருந்து மூன்று மைல். சோப்பு இல்லை, பவுடர் இல்லை, எண்ணெய்கூட இல்லை, கிணற்றுத் தண்ணீரும் வெள்ளைத் துணியும்தான். பொழுது விடிந்ததும் பீய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றி வைப்பாள். வேல்ச்சாமி லோடு ஆட்டோவை வரப்பிலேயே நிறுத்திவிட்டு, தொட்டியில் இறங்கிக் குளித்து, ஈரத்தோடு வந்து, அவளைத் தொடாமல் அவளுடைய மணிக்கட்டுக்கு நேரே மூக்கைக் கொண்டுபோவான்.

"என்ன?"

"அதேதான் புள்ள."

தூக்குவாளியை வாங்கிக்கொண்டு போய்விடுவான். நாலாம் நாள் அதேதான், எட்டாம் நாள் அதேதான். பால் வற்றிவிடுமோ என்று பயந்தாள், பிள்ளை செத்துவிடுமோ என்று பயந்தாள், பிழைத்துத் தன்னை மறந்துவிடுமோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தாள், அப்படிப் பயப்படுகிற தன்னைக் கண்டே வெட்கப்பட்டாள். பன்னிரண்டாம் நாள் வேல்ச்சாமி சிரித்துக்கொண்டு வந்தான். "இப்ப சங்குல நல்லாக் குடிக்கிறா. மதினி தூக்குனாக்கூட அழுவுறதில்ல" என்றான். கனி கிணற்று மேட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்கு அது நல்ல செய்தியாகவே கேட்டது. இருபதாம் நாள், பிள்ளைக்குக் கன்னம் வைத்துவிட்டது, சிரிக்கிறாள் என்றான். "கன்னத்துல லேசாச் செவப்பா இருக்கு, உஷ்ணம்னு மதினி சொல்றாங்க" என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் தூக்குவாளி மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

இருபத்தாறாம் நாள் காலையில் மணிக்கட்டை முகர்ந்தவன் நிமிரவில்லை. மறுபடி முகர்ந்தான். முழங்கை, தோள், கழுத்தோரம் என்று மெல்ல மெல்ல ஏறி வந்தான். "வந்துட்ட புள்ள" என்றான். கனியும் தன் புறங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். கம்பு மாவும் கொஞ்சம் உப்பும் கலந்த மாதிரி, ஒரு விசேஷமும் இல்லாத வாசனை. இதுநாள் வரை அப்படி ஒன்று தனக்கு இருந்தது என்றே அவளுக்குத் தெரியாது. அவள் தன் கையைத் தானே முத்தமிட்டாள்.

ஆட்டோவில் ஏறினால் அதன் சீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று மூன்று மைலும் வெயிலில் நடந்தே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு விருந்தாளிகள் கம்பத்து டப்பாவில் விரலை விட்டுக் கழுத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தாள். கிழக்குத் தெருவுக்குள் கால் வைத்ததும் நாய்கள் கிளம்பிவிட்டன. பக்கத்துக்கு ஒன்றாக, பிறகு கும்பலாக, பல்லைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தன. இத்தனை வருஷமாகச் சோறு வைத்த நாயும் அதில் ஒன்று. வேல்ச்சாமி கம்பால் விரட்டிக்கொண்டே கூட வந்தான். கனி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மாரில் பால் கட்டி வலித்தது, அந்த வலிகூட அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாசலில் ராக்கம்மாள் மதினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நித்திலா கொழுகொழுவென்று இருந்தாள். மதினியின் கழுத்தில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, எச்சில் வழிய, எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, ஒன் ஆத்தா வந்துட்டா பாரு."

கனி கையை நீட்டி வாங்கினாள். பிள்ளை மூக்கை அவள் தோளில் வைத்தது. தேடியது. ஒரு நொடி அசையாமல் இருந்தது. பிறகு உடம்பை விறைத்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து, மதினியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு வீறிட்டது.

"புதுசா இருக்கில்ல, அதான். சரியாப் போகும்" என்றாள் மதினி.

சரியாகப் போகவில்லை. காலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை தோளில் போட்டும், தொட்டிலில் போட்டும், பாடியும், கெஞ்சியும் பார்த்தாள் கனி. மடியில் போட்டால் பிள்ளை மூச்சடைக்க அழுது நீலம் பாரித்தது. மதினியிடம் கொடுத்தால் விக்கி விக்கி அடங்கியது. இன்றைக்குச் சங்கையும் தட்டிவிட்டது, யார் கையில் கொடுத்தாலும் குடிக்கவில்லை, தாயின் வாசனை அந்த அறைக்குள் இருக்கிறவரை அது எதையும் குடிப்பதாக இல்லை. இடது கன்னத்தில், மதினியின் கழுத்தில் சாய்கிற கன்னத்தில், ஒரு விரலளவு தோல் சிவந்து பொருக்காகியிருந்தது. கனி அதைப் பார்த்தாள், டாக்டரம்மா சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது.

"கொஞ்சூண்டு பூசிக்கிறதுதான் கனி" என்றாள் மதினி, தன் கழுத்தைச் சொறிந்துகொண்டே. அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். "இப்ப ஊரே அப்படித்தான இருக்கு. யாரு செத்தா? புள்ளைக்கு அந்த மணம்தான் அம்மான்னு ஆகிப்போச்சு, நீ போயி வேற மணத்தோட வந்து நின்னா அது என்ன பண்ணும்?"

கனி வேல்ச்சாமியைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவன் பிள்ளையின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தான், உள்ளே போனான், மாடத்திலிருந்து டப்பாவை எடுத்து வந்து அவள் அருகில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

முதலில் மணிக்கட்டில் மட்டும் தொட்டு வைத்தாள். பிள்ளை அழுகையினூடே ஒரு தடவை மூக்கை இழுத்துவிட்டு மறுபடி அழுதது. கழுத்தில் பூசினாள். அழுகை தேய்ந்தது, தலை அவள் பக்கம் திரும்பியது, ஆனால் மாரருகே வந்ததும் மறுபடி விறைத்தது. எங்கே பூசக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு நாள் காத்திருந்து கிடைத்த வாசனை இன்னும் ஒரு விரல் தேய்ப்பில் போய்விடும் என்பதும் தெரியும். கனி கண்ணை இறுக மூடிக்கொண்டு, டப்பாவில் இரண்டு விரலை விட்டு, பிள்ளை கன்னம் வைக்கிற இடத்தில், மாரில், நெஞ்சில், அழுத்தித் தேய்த்தாள்.

நித்திலா குடித்தாள். கண் செருக, ஒரு கையால் மாராப்பைப் பற்றிக்கொண்டு, பொருக்குத் தட்டிய கன்னத்தை அவள் மாரில் அழுத்திக்கொண்டு, மடக்கு மடக்காகக் குடித்தாள். மதினி, "பாத்தியா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கனிக்கு நெஞ்சு விம்மி நிறைந்தது, நிறைந்த வேகத்தில் குனிந்து, ஒரு மாதமாக ஏங்கியதைத் தீர்த்துக்கொள்ளப் பிள்ளையின் உச்சியை முகர்ந்தாள்.

அங்கே மல்லிமதி மணத்தது. முடியை விலக்கி முகர்ந்தாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், மூடிய கைக்குள், உள்ளங்காலில், ஒவ்வோரிடமாக மூக்கை வைத்து, பால் வாசமும் எச்சில் வாசமும் கலந்து கிடக்கும் அந்த ஒரு வாசனையைத் தேடினாள். எங்குமே இல்லை. யார் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாய் என்று அவளுடைய மூக்கு அவளைக் கேட்டது. என் பிள்ளைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கனி அதை இன்னும் இறுக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள்.